அடித்து ஆடுவதா, பொத்தி ஆடுவதா: போக்கர் டோர்னமென்ட்டில் ஸ்டாக்கைக் காப்பாற்ற எது உதவும்?

கையில் 40,000 சிப், அதுதான் என் ஸ்டாக். ஒவ்வொரு முறையும் இருவர் கட்டாயமாகப் போட வேண்டிய பணயத்தில் சின்ன பிளைண்ட் 1,000, பெரிய பிளைண்ட் 2,000. பெரிய பிளைண்டில் உட்கார்ந்திருப்பவர் மேசை முழுவதற்கும் சேர்த்து ஆன்டி என்ற கட்டாயப் பணயமாக இன்னொரு 2,000 போடுகிறார். ஆக, யாரும் சீட்டைப் பார்க்கும் முன்பே நடுவில் 5,000 கிடக்கிறது. இன்னும் இருபது பேர் வெளியேறிவிட்டால் மீதி எல்லோருக்கும் பரிசுப்பணம் உறுதி. ஒன்பது பேர் மேசை. எனக்கு முன்னால் ஆறு பேரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள். பிளைண்ட் போடும் இருவருக்கு முன்னுள்ள இடமான பட்டனில் நான். ராஜாவும் ஒன்பதும் வந்திருக்கின்றன, ஒரே ஜாதிகூட இல்லை.

இந்த இடத்தில் காதுக்குள் இரண்டு பேர் பேசுவார்கள். ஒருவர், "இத்தனை நேரம் உட்கார்ந்துவிட்டு இப்போது எதற்கு ரிஸ்க்? இருபது பேர் போகட்டும்" என்பார். இன்னொருவர், "எல்லாரும் பயந்து கிடக்கிறார்கள், இப்போது அடிக்காவிட்டால் எப்போது அடிப்பாய்?" என்பார். இருவருமே என் ஸ்டாக்கைக் காப்பாற்றத்தான் சொல்கிறார்கள். முதலாமவர் சிப்பைப் பூட்டி வைக்கச் சொல்கிறார். இரண்டாமவர், சிப்பைப் பூட்டி வைத்தால் அது கரையும் என்கிறார். ராஜா-ஒன்பதைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்தோடு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை வந்துவிட்டது. நான் பேசுவது லாஸ் வேகஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் போன்ற டோர்னமென்ட்டுகளைப் பற்றி. பார்த்து ரசிக்கிறவர்களுக்கும், காசில்லாமல் வெறும் சிப்பை வைத்து வீட்டில் ஆடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

குந்தித் தின்றால்

பொத்தி ஆடுவதன் செலவை முதலில் எண்ணிவிடலாம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாத செலவு. ஒரு சுற்று முடிய ஒவ்வொருவரும் 5,000 கட்டியாக வேண்டும். 40,000 வைத்திருப்பவர் ஒரு சீட்டும் ஆடாமல் இருந்தால் எட்டுச் சுற்றில் காலி. ஸ்டாக்கை ஒரு சுற்றுச் செலவால் வகுத்து வரும் இந்த எண்ணை போக்கர்காரர்கள் 'எம்' என்பார்கள். பேக்கமன், போக்கர் இரண்டிலும் பேர் பெற்ற பால் மாக்ரியலின் பெயரின் முதலெழுத்து அது. என் எம் இப்போது எட்டு.

நேரில் ஆடும்போது ஒரு மணி நேரத்துக்கு 25 முதல் 30 கை (ஒவ்வொரு முறை சீட்டுப் பிரித்து ஆடுவதும் ஒரு கை) வரை ஓடும். வேர்ல்ட் சீரிஸின் முதன்மைப் போட்டியான மெயின் ஈவென்ட்டில் ஒரு லெவல், அதாவது பிளைண்ட் மாறாமல் நிற்கும் காலம், இரண்டு மணி நேரம். ஒன்பது பேர் மேசையில் அது ஏறத்தாழ ஆறு சுற்று. அதாவது இந்த லெவலின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் 30,000 போய்விடும். மிஞ்சும் 10,000ஐ வைத்துக்கொண்டு அடுத்த லெவலில் இன்னும் பெரிய பிளைண்டைச் சந்திக்க வேண்டும். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னபோது அவர்கள் மனதில் பிளைண்டும் ஆன்டியும் இருந்திருக்காது. ஆனால் இதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பழமொழிக்குக் கிடைக்காது.

"நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருக்கிறேன்" என்பவருக்கும் ஒரு எண் இருக்கிறது. இரண்டு ஏஸ் வருவது 221 கைக்கு ஒரு முறை. ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஏஸ்-ராஜா என்று நான்கையும் சேர்த்தாலும் 39 கைக்கு ஒரு முறை. எட்டுச் சுற்று என்பது 72 கை. ஆக, ஸ்டாக் முழுக்கக் கரைவதற்குள் சராசரியாக இரண்டு முறைகூட நல்ல சீட்டு வராது. வந்தாலும், ஒரு மணி நேரமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பணயத்தை உயர்த்தி ரெய்ஸ் செய்தால் மேசையில் யார் காசு கொடுப்பார்கள்?

ரம்மி ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. 101 புள்ளி சேர்ந்தால் வெளியேறும் ஆட்டத்தில் சீட்டு சரியில்லை என்றால் முதலிலேயே டிராப் போட்டு விலகி 20 புள்ளி வாங்கிக்கொள்வோம். மாட்டிக்கொண்டு 80 எண்ணுவதைவிட அது மேல். ஆனால் தொடர்ந்து ஐந்து டிராப் போட்டவன் 100இல் நிற்பான். ஆறாவது டிராப்புக்கு அவனுக்கு இடமில்லை. டிராப் நல்ல தற்காப்பு என்பதும், டிராப் மட்டுமே போட்டு ரம்மி ஜெயிக்க முடியாது என்பதும் ஒரே பையனுக்கு ஒரே மத்தியானத்தில் புரிந்துவிடும்.

ஆனாலும் பொத்தி ஆடுவதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1990 மெயின் ஈவென்ட்டில் நடந்தது ஒரு விசித்திரமான சாட்சி. 1980, 1981 இரண்டு ஆண்டும் பட்டம் வென்ற ஸ்டூ அங்கர் அந்த ஆண்டு பெரிய ஸ்டாக்கோடு முன்னேறிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவரை ஹோட்டல் அறையில் நினைவின்றிக் கண்டெடுத்தார்கள். போதைப்பொருள்தான் காரணம். மேசையில் அவருடைய நாற்காலி காலி. டீலர்கள் அவர் சிப்பிலிருந்து பிளைண்டை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆளே இல்லாத அந்த ஸ்டாக் ஒன்பதாவது இடம் வரை போனது. பரிசுப்பணமும் கிடைத்தது. ஒரு கைகூட ஆடாமல் ஒன்பதாவது இடம்! ஆனால் அந்த ஸ்டாக்கை அங்கர் சேர்த்த விதத்தை மறந்துவிடக்கூடாது. அந்தத் தலைமுறையிலேயே மிகக் கடுமையாக அடித்து ஆடியவர்களில் ஒருவர் அவர். முதலில் அடித்துச் சேர்த்ததைத்தான் பிறகு காலி நாற்காலி குந்தித் தின்றது.

அடிமேல் அடி

அடித்து ஆடுவதற்குச் சாதகமான முதல் வாதம் எளியது. கால் செய்பவர், அதாவது எதிராளி போட்டதற்குச் சமமாகப் போடுபவர், ஜெயிக்க ஒரே வழிதான்: சீட்டைக் காட்டும்போது அவருடையது பெரியதாக இருக்க வேண்டும். ரெய்ஸ் செய்பவருக்கு இரண்டு வழி: சீட்டு பெரியதாக இருக்கலாம், அல்லது எதிராளி கவிழ்த்துவிடலாம்.

என் ராஜா-ஒன்பதை 4,400க்கு ரெய்ஸ் செய்கிறேன் என்று வையுங்கள். 5,000ஐ எடுக்க 4,400ஐப் பணயம் வைக்கிறேன். நூற்றுக்கு 47 முறை இருவரும் கவிழ்த்தால் போதும், கையில் வெற்றுச்சீட்டு இருந்தால்கூட நட்டமில்லை. ராஜா-ஒன்பது வெற்றுச்சீட்டும் அல்ல. ஒருவர் கால் செய்து, பிளாப் எனப்படும் முதல் மூன்று பொதுச் சீட்டு வந்தாலும் என் பக்கம் ஏதாவது விழ வாய்ப்பிருக்கிறது. ஒரு முறை வெற்றி பெற்றால் ஒரு முழுச் சுற்றுச் செலவு கையில். சுற்றுக்கு ஒரு முறை இப்படி எடுப்பவர் நல்ல சீட்டே வராமலும் நின்ற இடத்தில் நிற்பார். அம்மி நகர்வது இப்படித்தான்.

அடித்து ஆடுவதன் புகழுக்குக் காரணம் இந்தச் சில்லறைத் திருட்டு அல்ல, சில பெரிய படங்கள். 2003இல் 839 பேர் ஆடிய மெயின் ஈவென்ட்டில் கடைசியாக எஞ்சிய இருவர், சூதாட்டத்தையே தொழிலாகக் கொண்ட சாமி ஃபார்ஹாவும், டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கரும். மணிமேக்கர் நூறு டாலருக்கும் குறைவான ஒரு ஆன்லைன் தகுதிச் சுற்றின் வழியாக வந்தவர். ஒரு கையில் ஃபார்ஹாவிடம் ஒன்பதில் ஒரு ஜோடி, மேசையில் கிடந்ததில் அதுவே உயர்ந்த ஜோடி. மணிமேக்கரிடம் ராஜா-ஏழு. ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையாக ஐந்து சீட்டு) வரவில்லை, ஃப்ளஷ்ஷும் (ஒரே ஜாதியில் ஐந்து) வரவில்லை. கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில், ஸ்டாக் முழுவதையும் பணயம் வைத்து ஆல்-இன் என்றார். ஃபார்ஹா வெகு நேரம் யோசித்துவிட்டுக் கவிழ்த்தார். மணிமேக்கர் 25 லட்சம் டாலரோடு வீட்டுக்குப் போனார். போக்கரின் அலையே அதற்குப் பிறகு மாறியது.

அந்தக் கையைத் தைரியத்துக்கு எடுத்துக்காட்டாகக் காட்டாதவர் இல்லை. எனக்கு அதில் ஒரு குறை. அந்த நேரத்தில் மிச்சமிருந்தது இரண்டே பேர். இரண்டாம் பரிசான 13 லட்சம் டாலர் இருவருக்குமே உறுதியாகிவிட்டது. இனி தோற்றாலும் அதற்குக் கீழே போக இடமில்லை. மீதி 12 லட்சத்துக்குத்தான் போட்டி. அங்கே ஸ்டாக்கைக் காப்பாற்றுவதற்குத் தனி மதிப்பு எதுவும் கிடையாது. அதே பிளஃப்பை, அதாவது வெற்றுச்சீட்டு மிரட்டலை, ஒன்பது பேர் மேசையில் செய்திருந்தால் கணக்கே வேறு. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு பபிள் நேரத்தில், அதாவது பரிசு உறுதியாவதற்குச் சற்று முன், ஆல்-இன் தள்ளிய ஆயிரக்கணக்கானோருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை.

சிப் கணக்கும் பணக் கணக்கும்

டோர்னமென்ட்டில் சிப்பைக் காசாக்கிக்கொண்டு எழுந்து போக முடியாது. எல்லாச் சிப்பையும் ஒருவர் சேர்த்தாலும் பரிசுத்தொகை முழுவதும் அவருக்கு வராது. அதனால் ஜெயிக்கும் சிப்பைவிடத் தோற்கும் சிப்புக்கு விலை அதிகம். எவ்வளவு அதிகம் என்று கணக்கிட ஐசிஎம் என்று ஒரு முறை இருக்கிறது. குதிரைப் பந்தயம் போன்ற போட்டிகளில் யார் எத்தனையாவது வருவார் என்று கணிக்க டேவிட் ஹார்வில் 1973இல் கொடுத்த சூத்திரத்தை, 1987இல் மேசன் மால்முத் போக்கருக்குக் கொண்டு வந்தார். ஒரு சின்ன எடுத்துக்காட்டைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

நான்கு பேர் மிச்சம். மூன்று பேருக்குப் பரிசு: ஐம்பதாயிரம், முப்பதாயிரம், இருபதாயிரம் ரூபாய். நால்வரிடமும் சமமாகப் பத்து பெரிய பிளைண்ட் அளவு சிப். இந்த நிலையில் ஒவ்வொருவர் ஸ்டாக்கின் மதிப்பும் 25,000 ரூபாய். சின்ன பிளைண்டில் இருப்பவர் ஆல்-இன் தள்ளுகிறார். மற்ற இருவர் ஏற்கெனவே கவிழ்த்துவிட்டார்கள். பெரிய பிளைண்டில் நீங்கள். ஆன்டி இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

சிப் கணக்குப்படி நீங்கள் இன்னும் ஒன்பது பிளைண்ட் போட்டு இருபதை எடுக்கப் பார்க்கிறீர்கள். நூற்றுக்கு 45 முறை ஜெயித்தால் போதும்.

பணக் கணக்கு போட்டால்: கவிழ்த்தால் உங்களிடம் ஒன்பது பிளைண்ட் மிஞ்சும், அதன் மதிப்பு 23,344 ரூபாய். கால் செய்து ஜெயித்தால் 38,333. தோற்றால் பூஜ்யம். ஜெயித்தால் கூடுவது 14,989, தோற்றால் போவது 23,344. ஆகவே நூற்றுக்கு 61 முறை ஜெயித்தாக வேண்டும்.

நாற்பத்தைந்துக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவில் எத்தனை சீட்டு அடிபடுகிறது பாருங்கள். எதிராளி சீட்டையே பார்க்காமல் எதையும் தள்ளுகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால்கூட, ஐந்து-ஐந்து ஜோடி அவருக்கு எதிராக ஜெயிப்பது சுமார் 60 விழுக்காடு. போதாது. ஆறு-ஆறு ஜோடி 63, போதும். ஜாதி சேராத ராஜா-ஜாக்கி 60 விழுக்காட்டை ஒட்டித்தான் வரும், கவிழ்க்க வேண்டும். அவர் கொஞ்சம் பார்த்துத் தள்ளுகிறவர் என்றால் ஆறு-ஆறு ஜோடியும் போய்விடும். ராஜா-ஜாக்கியைக் கவிழ்க்க எவ்வளவு மனம் வலிக்கும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

இதில் இன்னொரு எண் ஒளிந்திருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. நீங்கள் கால் செய்து இருவரில் ஒருவர் வெளியேறினால், ஏற்கெனவே கவிழ்த்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கும் மற்ற இருவரின் மதிப்பும் 25,000இலிருந்து 30,833ஆக உயர்கிறது. ஆளுக்கு 5,833 ரூபாய் சும்மா வருகிறது. நீங்கள் இருவரும் முட்டிக்கொள்ள அவர்கள் இலாபம் பார்க்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழவில்லை, குடை பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது.

இப்போது இதே மேசையைத் தள்ளியவரின் நாற்காலியிலிருந்து பாருங்கள். நீங்கள் இவ்வளவு இறுக்கமாகத்தான் கால் செய்ய முடியும் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் கவிழ்த்தால் அவர் மதிப்பு 26,571 ஆகிறது. அவர் எந்தச் சீட்டையும் காட்ட வேண்டியதில்லை. உங்களை இறுக்கிப் பிடிக்கும் அதே கணக்குதான் அவருக்குக் கையை அவிழ்த்துவிடுகிறது.

என் கட்சி இங்கே உருவாகிறது. "அடித்து ஆடுவதா, ஸ்டாக்கைக் காப்பதா" என்று கேள்வி கேட்பதே தராசை மாற்றிப் பிடிப்பது. ஸ்டாக்கைக் காப்பது என்றால் கால் செய்வதில் கஞ்சத்தனம் காட்டுவது. ரெய்ஸ் செய்வதில் கஞ்சத்தனம் காட்டுவது காப்பதில் சேராது, பெரும்பாலும் அது மெதுவாகச் சாவதுதான். புதியவர்கள் இதைச் சரியாகத் தலைகீழாகச் செய்கிறார்கள். பபிள் நேரத்தில் பயந்து ரெய்ஸை நிறுத்திவிடுவார்கள். பிறகு ஏஸ்-பத்து வந்ததும், "இதைக்கூடக் கவிழ்ப்பதா" என்று வேறொருவரின் ஆல்-இன்னுக்குக் கால் சொல்வார்கள்.

டான் ஹாரிங்டன் இந்த வித்தையை ஆடிக் காட்டியவர். 1995இல் பட்டம் வென்ற அவர், 2003இல் 839 பேரில் மூன்றாவது, 2004இல் 2,576 பேரில் நான்காவது. பொறுமையாகச் சீட்டைத் தேர்ந்து ஆடுபவர் என்றுதான் பெயர். 'ஆக்‌ஷன் டான்' என்ற பட்டப்பெயரே கிண்டல்தான். அப்படிப்பட்டவர் 2004 இறுதி மேசையில், ஒருவர் ரெய்ஸ் செய்து இன்னொருவர் கால் செய்த பிறகு, ஆறு-இரண்டை வைத்துக்கொண்டு மறு-ரெய்ஸ் அடித்தார். ஆறு-இரண்டு! எல்லோரும் கவிழ்த்தார்கள். நாள் கணக்காகக் கவிழ்த்துச் சேர்த்த நல்ல பெயரை அந்த ஒரு கையில் செலவழித்தார். பொத்தி ஆடுவதற்கு ஒரு பயன் உண்டென்றால் அது இதுதான்: அடிக்கும்போது நம்புவார்கள்.

யாரிடம் எவ்வளவு

மேசையில் மிகப் பெரிய ஸ்டாக் உங்களுடையது என்றால் யோசிக்கவே வேண்டாம், அடியுங்கள். ஒரு கையில் தோற்றாலும் நீங்கள் வெளியேறப் போவதில்லை. எதிராளி வெளியேறுவார். 2006இல் 8,773 பேர் ஆடிய மெயின் ஈவென்ட்டில் ஜேமி கோல்ட் நாலாம் நாளிலேயே முதலிடத்துக்கு வந்து, கடைசி வரை அதை விடாமல் மேசையை நெருக்கி 1.2 கோடி டாலர் வென்றார். அவருடைய வாய்ப்பேச்சைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஸ்டாக்தான் அவரைவிட அதிகம் பேசியது. பெரிய ஸ்டாக்குக்கு இருக்கும் ஒரே பொறி, இன்னொரு பெரிய ஸ்டாக். இரண்டு யானைகளும் மோதினால் மற்ற ஏழு பேருக்கும் திருவிழா.

நடுத்தர ஸ்டாக்கின் நிலைமைதான் பரிதாபம். தன்னைவிடச் சிறியவர்கள் முதலில் போகட்டும் என்று காத்திருக்கத் தோன்றும், அதில் நியாயமும் உண்டு. பெரிய ஸ்டாக் அவரைத்தான் குறிவைக்கும். இங்கே ஆளைப் பார்த்து அடிக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் நடுத்தரம் என்றால் ரெய்ஸ் செய்யலாம், அவர்களுக்கும் அதே பயம். பின்னால் பெரிய ஸ்டாக் என்றால் கை மடங்க வேண்டும்.

சின்ன ஸ்டாக்கைப் பற்றி ஒரு புராணம் உண்டு. 1982இல் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாம் தோற்றுவிட்டோம் என்று எழுந்தபோது ஒரே ஒரு சிப் மிஞ்சிக் கிடந்ததாம், அதை வைத்துத் திரும்பி வந்து பட்டம் வென்றார். "ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் போதும்" என்ற வாசகம் அதிலிருந்து பரவியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை நம்பி மூன்று பிளைண்ட் வரை கரைய விட்டவர்கள் என்ன ஆகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆன்டி உள்ள ஆட்டத்தில் நீங்கள் மூன்று பெரிய பிளைண்டை ஆல்-இன் தள்ளினால், பெரிய பிளைண்டில் இருப்பவர் இன்னும் இரண்டு போட்டால் நடுவில் ஐந்தரை காத்திருக்கிறது. நூற்றுக்கு 27 முறை ஜெயித்தால் அவருக்குப் போதும். எந்த இரண்டு சீட்டை வைத்தும் அவர் கால் செய்வார். உங்கள் ஆல்-இன்னுக்கு மிரட்டும் சக்தி போய்விட்டது. ரெய்ஸுக்கு இருந்த இரண்டு வழியில் ஒன்று அடைபட்டுவிட்டது.

அதே தள்ளலைப் பத்து பிளைண்ட் இருக்கும்போதே செய்தால் எதிராளி யோசிப்பார். கிரிக்கெட்டில் தேவைப்படும் ரன்ரேட் ஓவருக்கு எட்டு இருக்கும்போது அடிக்கத் தொடங்குவதற்கும், பதினெட்டு ஆன பிறகு தொடங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். விக்கெட் கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே ஆட்டத்தைக் கோட்டைவிட்ட அணிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

பரிசு பிரிக்கும் விதம்

பயம் எவ்வளவு தேவை என்பதைப் பரிசுப் பட்டியல்தான் சொல்லும். 1977 வரை மெயின் ஈவென்ட்டில் முதலிடத்துக்கே எல்லாப் பணமும். 1978இல்தான் பரிசைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் பபிள் என்று ஒன்றுமில்லை, சிப் கணக்கும் பணக் கணக்கும் ஒன்றே.

இன்றைய நிலையில் 10,000 டாலர் கட்டி ஆடும் அந்த ஆட்டத்தில் சுமார் 15 விழுக்காடு பேருக்குப் பரிசு உண்டு. 2024இல் மிகக் குறைந்த பரிசு 15,000 டாலர், முதல் பரிசு ஒரு கோடி. பபிளில் தப்பினால் கையில் வருவது கட்டியதன் ஒன்றரை மடங்கு. அதற்காக இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்து உட்கார்ந்து முக்கால் ஸ்டாக்கைக் கரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த 10,000 டாலர் குடும்பச் செலவுக்கான பணம் என்றால் கதை வேறு, ஆனால் அப்படிப்பட்ட பணம் அந்த மேசைக்கே வந்திருக்கக்கூடாது. உண்மையான நெருக்கடி இறுதி மேசையில். 2024இல் ஒன்பதாம் இடத்துக்குப் பத்து லட்சம் டாலர், எட்டுக்குப் பன்னிரண்டரை லட்சம், ஏழுக்குப் பதினைந்து, ஆறுக்கு இருபது. ஒவ்வொரு படியும் ஒரு வீடு. அங்கே பொத்தி ஆடுவதற்கு விலை உண்டு.

மற்ற வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய ஆட்டத்துக்குத் தகுதிச் சுற்றான சேட்டிலைட்டில் எல்லாப் பரிசும் ஒன்றே. பத்து இடத்துக்குப் பதினொரு பேர் இருக்கும்போது, உங்கள் ஸ்டாக் பத்திரமாக இருந்தால், இன்னொரு பெரிய ஸ்டாக்கின் ஆல்-இன்னுக்கு ஏஸ் ஜோடியைக்கூடக் கவிழ்க்கலாம், கவிழ்க்க வேண்டும். மீண்டும் பணம் கட்டி நுழைய அனுமதிக்கும் ஆட்டங்களில் தொடக்கத்தில் கை தாராளமாக இருப்பதால் பெரிய இழப்பில்லை, பை தாங்கும் வரை. கேஷ் கேமில் சிப்பே காசு, ஐசிஎம் கிடையாது.

மீண்டும் ராஜா-ஒன்பது

சரி, பட்டனில் நான், 40,000 கையில். எனக்கு மூன்று வழி.

கவிழ்க்கலாம். இந்தக் கையில் செலவு ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரும் கவிழ்த்து எனக்கு வந்த இடம், எனக்குப் பின் இரண்டே பேர் இருக்கும் இடம், ஒரு சுற்றில் ஒரு முறைதான் கிடைக்கும். இதைக் கவிழ்ப்பவர் எதை ஆடுவார்?

ஆல்-இன் தள்ளலாம். இருபது பிளைண்டைப் பணயம் வைத்து இரண்டரையை எடுப்பது. எனக்குக் கால் செய்பவர் பெரும்பாலும் என்னைவிட நல்ல ராஜாவோ, ஏஸோ, ஜோடியோ வைத்திருப்பார். நாலு காசு மிட்டாய்க்கு வீட்டுப் பத்திரத்தை நீட்டுவது போல. பத்து பிளைண்டில் இருந்தால் இதுவே சரியான ஆட்டமாக இருந்திருக்கலாம்.

மூன்றாவது, 4,400க்கு ரெய்ஸ். ரெய்ஸ் செய்யும் முன் இரண்டு ஸ்டாக்கைப் பார்க்கிறேன். பிளைண்டில் இருக்கும் இருவரும் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று வைத்திருந்தால் கை நடுங்காமல் ரெய்ஸ் செய்வேன். இந்த இருபது பேர் போகும்வரை உயிரைக் கையில் பிடித்திருப்பவர்கள் அவர்கள். பெரிய பிளைண்டில் மூன்று லட்சத்தோடு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மறு-ரெய்ஸ் அடிக்கும் ஆள் உட்கார்ந்திருந்தால் வெட்கப்படாமல் கவிழ்ப்பேன். ஐயாயிரம், ஆறாயிரம் மட்டும் வைத்திருப்பவர் என்றால் அவர் எப்படியும் ஆல்-இன் வருவார் என்று தெரிந்தே ரெய்ஸ் செய்வேன். தோற்றாலும் என் ஸ்டாக்கில் போவது ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

பெரிய பிளைண்ட் கால் செய்தால் நடுவில் 11,800. பிளாப்பில் அவர் எதுவும் போடாமல் செக் செய்தால் நான் நாலாயிரம் போடுவேன், எனக்கு ஒன்றும் விழாவிட்டாலும். நான்கில் ஒரு முறை அவர் கவிழ்த்தால் போதும், மூன்றில் இரண்டு பிளாப்பில் அவருக்கும் ஜோடி விழுந்திருக்காது. அதற்கும் கால் வந்தால் நிறுத்திக்கொள்வேன். பிளாப்புக்குப் பிறகு ஸ்டாக்கைக் காப்பது எனக்குத் தெரிந்தவரை இந்த ஒரே பழக்கம்தான்: சின்னதாகப் போடுவது, முதல் 'வேண்டாம்' காதில் விழுந்ததும் விடுவது. மொத்த இழப்பு 8,400. வலிக்கும், ஆனால் முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சம்.

ரெய்ஸுக்கு எதிராக ஆல்-இன் வந்தால்? முதலில் சொன்ன அந்தக் குரல் இப்போது சரியாகப் பேசுகிறது, கேட்டுக்கொள்வேன். ராஜா-ஒன்பதை டீலர் பக்கம் தள்ளிவிட்டு 35,600ஐ அடுக்கி வைக்கிறேன். பதினேழரை பிளைண்டுக்கு மேல் இருக்கிறது. இன்னொருவரை யோசிக்க வைக்க இன்னும் போதும்.